ரூபன் களைத்த இடம்

செல்வராணி அக்கா போய்விட்ட செய்தி எனக்கு வட்ஸ்அப்பில் வந்தது. உடையார்கட்டுச் சந்தியில் ஒட்டியிருந்த மரண அறிவித்தலை யாரோ படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். அக்காவின் பெயரைப் பார்த்து அழ வேண்டியவன், அதற்குக் கீழிருந்த வரியைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன். ‘காலஞ்சென்ற ரூபனின் பாசமிகு தாயாரும்’ என்று போட்டிருந்தது.

யார் சொன்னது ரூபன் காலஞ்சென்றான் என்று? சண்டை முடிந்தபோது அக்கா தன் கையால் இராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளை அவன். பஸ்சில் ஏற்றியதைக் கண்ணால் கண்டவர் அவர். அதன் பிறகு அவன் இருக்கிறானா இல்லையா என்று எந்த அரசாங்கக் கந்தோரும் வாய் திறக்கவில்லை. மரணச் சான்றிதழ் தருகிறோம், வாங்கிக்கொண்டு பேசாமல் இருங்கள் என்றார்கள். அக்கா வாங்கவே இல்லை. இத்தனை வருடமாக அவர்களால் முடியாததை ஓர் அச்சகம் ஒரு பின்னேரத்தில் செய்து முடித்துவிட்டது.

அக்காவைத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பாட்டையும் தெரியும். விடியும், பொறுத்திரு என்று சொல்லும் பழைய வானொலிப் பாட்டு. கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை என்றிருந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ரூபன் பெடலைச் சுற்ற, டைனமோவில் ஓடிய ரேப் ரெக்கோடரில்தான் அக்கா அதைப் பாடமாக்கினார். இரண்டாம் சரணம் வரும்போது அவனுக்குக் கை உளையும், பாட்டு இழுபடும். அந்த இடத்தை அக்கா கடைசிவரை இழுத்தே பாடினார்.

நான் ஊர் இசைக்குழுவில் கீபோர்ட் வாசிப்பவன். அக்கா எங்களோடு பாட வந்த ஒரு கலைவிழா ஒத்திகையில், தாளம் விழுகிறது, திருத்திப் பாடுங்கள் என்று அதிகாரி ஒருவர் அவருக்குப் பாடம் எடுத்தார்.

“அது என்ர பிள்ளை களைச்ச இடம், தம்பி. அதை நான் திருத்தமாட்டன்” என்றார் அக்கா. பையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்சில் ஏறிவிட்டார்.

எனக்கு அந்தப் பாட்டின் மேலேயே ஆத்திரம் இருந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் படங்களோடு குந்தியிருக்கும் வீதியோரக் கொட்டிலில் வைத்து அதைக் கேட்டே விட்டேன். இன்னும் எவ்வளவு காலம் பொறுத்திருப்பது, இந்த இழவுப் பாட்டை விடுங்கள் என்றேன். அக்கா கோபிக்கவில்லை.

“அவங்கள் எங்களைப் பொறுத்திருங்கோ எண்டேக்க எனக்கும் பத்தி எரியுது. நான் பாடுறது என்ர பிள்ளைக்கு. அம்மா இஞ்சதான் நிக்கிறன், பொறுத்திரு எண்டு.”

அதற்குப் பிறகு நான் அந்தப் பாட்டைக் குறை சொன்னதில்லை.

செத்த வீட்டில் ஒரு பெரிய மனிதர் மாலையோடு வந்து மைக்கைப் பிடித்தார். கொட்டில் பக்கம் ஒருநாள் எட்டிப் பார்க்காதவர். தாய் மகனிடம் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். கொட்டில் தாய்மார் எழும்பி அக்காவின் பாட்டைப் பாடத் தொடங்கினார்கள். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முழித்தார். இரண்டாம் சரணத்தில் எல்லாரும் ஒன்றாக இழுத்தார்கள்.

முப்பத்தோராம் நாள் நினைவாக அச்சடித்துக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்துக்காக அக்காவின் மருமகன் இதை எழுதச் சொன்னார். ரூபனின் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்ற சொல் வரக்கூடாது என்றேன். அப்படியென்றால் என்ன போடுவது என்று அச்சகத்தில் கேட்டார்களாம். ஒன்றும் போட வேண்டாம், பெயர் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த இழுவையைத்தான். இனி இரண்டாம் சரணம் வரும்போது என் விரல்களும் தாமதிக்கும். எவன் வந்து தாளம் விழுகிறது என்றாலும் திருத்தமாட்டேன்.

பொறுத்திரு, ரூபன். அம்மா போயிட்டா. நாங்கள் இஞ்சதான் நிக்கிறம்.