இரண்டாம் நகர்விலே கொடுத்த சிப்பாய்

மாவட்டச் சதுரங்கப் போட்டியில் வென்றால் அண்ணை அடுத்த சுற்று ஆடக் கொழும்புக்குப் போய், யுத்தத்திலிருந்து தப்பிவிடுவார் என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம்.

இன்று வீட்டில் என்னோடு ஆடிய என் மகள் இரண்டாம் நகர்விலேயே ராஜாவுக்கு அருகிலிருந்த சிப்பாயை வெட்டுக்கு நீட்டினாள். அண்ணையும் அந்த இறுதியாட்டத்தை அப்படித்தான் தொடங்கினார். அன்று பருத்தித்துறைப் பள்ளி மண்டபத்துக்குள் மீன்வாடையோடு கடற்காற்று வீசிக்கொண்டிருந்தது. பின்வரிசை வாங்கிலிருந்த அம்மா பொறுக்கமாட்டாமல், "உந்தச் சிப்பாயை ஏன்ரா சும்மா குடுக்கிறாய், விசரா?" என்றார். மண்டபமே சிரித்தது.

"குடுத்தாத்தானம்மா வழி திறக்கும்."

அண்ணை வென்றார். மறுவாரமே கொழும்புப் பாதையை மூடினார்கள். அது மறுபடி திறப்பதற்குள் அண்ணை காணாமற்போனார்.

இப்போது அம்மா எழுந்துவந்து மகளின் சிப்பாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"உந்தச் சிப்பாயைக் குடுக்காதை, பிள்ளை."

இந்த வீட்டில் எஞ்சியிருப்பது நாங்கள் மூவர்தான்.