ஜெயசீலி அக்கா திருத்திய ஒரே விதி

செவ்வாய்க்கிழமை காலை, கம்பெனி பேருந்து மீஞ்சூரை நெருங்கும்போது பழவேற்காட்டு நண்பர் கஜாவிடமிருந்து அழைப்பு வந்தது. "அண்ணே, ஜெயசீலி அக்கா போய்ட்டாங்க. நெஞ்சு வலிக்குதுனு சொன்னாங்களாம். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள..." ஆய்வகத்தில் பன்னிரண்டு வருடமாக அக்காவின் மேசை என் மேசைக்குப் பக்கத்தில்தான். அன்று எனக்கு அங்கே உட்கார மனம் வரவில்லை.

அவரை வேலையிடத்தில் மட்டும் அறிந்த சக ஊழியர்களான உங்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். பழவேற்காட்டில் அவர் வீட்டில், ஞாயிறு தேவாலயப் பூசை முடிந்ததும் நாங்கள் நால்வர் கதை விளையாட்டு ஆடுவோம். அக்கா கதையை நடத்துவார். கஜா, என் மனைவி செல்வி, நான் மூவரும் அதற்குள் ஆளுக்கொரு பாத்திரம். நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். அக்காவின் தம்பி சென்னையிலிருந்து வாங்கிவந்த தடித்த விதிப் புத்தகம்தான் எங்களுக்குச் சட்டம்.

ஒரு கட்டத்தில் ஆட்டம் வாராவாரம் சண்டையில் முடிந்தது. எந்தப் புதையல் கிடைத்தாலும் கஜாவின் பாத்திரம் எங்களுக்குத் தெரியாமல் ஒளித்துக்கொள்ளும். கஜா ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் சமூகத்தைச் சேர்ந்தவர். அவர் கிளம்பியதும் ஒரு நாள், "அவங்க ஆளுங்களுக்கே அதான் புத்தி. இனிமே அவனைக் கூப்டாதக்கா" என்றேன். இதை எழுதக் கை கூசுகிறது.

அக்கா புத்தகத்தை விரித்து என் முன் தள்ளினார். புதையலைக் கையில் வைத்திருப்பவரின் பாத்திரத்துக்கு மட்டுமே வலிமை கூடும் என்று அதில் இருந்தது. "இத ஒயுங்கா படிச்சிட்டு ஆடினவன் அவன் ஒருத்தன்தான். நீ இன்னாடான்னா அவன் பொறப்பப் பேசற."

அந்த வரியை அடித்துவிட்டு, 'யார் கண்டெடுத்தாலும் எல்லோருக்கும்' என்று பேனாவால் எழுதினார். அடுத்த வாரம் முதல் ஆளாகக் கத்தியது கஜாதான்: "அண்ணே, சீக்கிரம் வா, இங்க ஒரு பொட்டி கீது!"

நான் சொன்னதை அக்கா அவரிடம் சொல்லவில்லை. பல மாதம் கழித்து நானே சொன்னேன். கஜா, "நீ அப்டித்தான் நெனச்சிகினு இருந்தனு தெரியும்ண்ணே" என்றார்.

அதன் பிறகு ஆட்டத்தின் எல்லாக் கோளாறுக்கும் புத்தகத்து விதிதான் காரணம் என்று நம்பத் தொடங்கினேன். செல்வி ஆட்டத்தில் வாயே திறப்பதில்லை. "ஆளுக்கு இவ்ளோ நேரம்னு ஒரு விதி போடலாமாக்கா?" என்று கேட்டேன். அக்கா சிரித்துவிட்டார்.

"அது இன்னாத்துக்கு? அவ யோசிக்கறதுக்குள்ள அவளுக்கும் சேத்து நீயே முடிவு சொல்லிடற. இதுக்குப் புத்தகத்துல கை வெக்க வேணாம் பிரபு. நீ செத்த நேரம் சும்மா இரு, போதும்."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு வாரம் ஆட்டத்துக்கே போகவில்லை. செல்வி மட்டும் போய்விட்டு, முகம் மலர்ந்து திரும்பினாள். மூன்றாம் வாரம் நானும் போனேன்.

அக்கா இல்லாமல், போன ஞாயிறு நாங்கள் மூவரும் கூடினோம். கஜா கதை நடத்தினார். "மூடின கதவுக்கு அந்தாண்ட யாரோ அழுவற சத்தம் கேக்குது. இன்னா பண்றீங்க அண்ணி?"

கதவை உடை என்று சொல்ல என் நாக்கு துடித்தது. சொல்லவில்லை. செல்வி யோசித்தாள்.

"அவங்க அழுது முடிக்கட்டும். அதுவரைக்கும் நான் வெளியவே உக்காந்துகினு இருக்கேன்" என்றாள்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, செல்வி பேசும்வரை நான் சும்மா இருந்த அந்தச் சிறிது நேரம்.