இரண்டு பேர் சொல்லும் சரி

கணியம்பாடியில் என் கணவர் எரிந்துபோன கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். நான் வீட்டில் துணி தைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சபைப் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்துவதும் உண்டு. அதற்கு உதவுமே என்று போனில் நடந்த கிரேக்க வகுப்பு ஒன்றில் சேர்ந்திருந்தேன். எழுத்தையே தட்டுத்தடுமாறித்தான் படித்தேன்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் அறிவிப்பு வாசித்தார். ஜவ்வாது மலையில் உள்ள ஜெபவீட்டுக்கு ஒரு மாதம் உபவாச ஜெபத்துக்குப் போகும் சகோதரரை ஜெபத்தில் நினைத்துக்கொள்ளச் சொன்னார். அந்தச் சகோதரர் என் கணவர். எனக்கு அப்போதுதான் தெரியும்.

வண்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது பின்னாலிருந்து கேட்டேன். “இன்னாங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?”

“ஜெபத்துக்குத்தான போறேன். நீ இன்னா வேணாம்னா சொல்லப்போற?”

நான் பதில் பேசவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு மறுநாள் அமிர்தி வழியாக மலைக்குப் பஸ் ஏறிவிட்டார். ஜெபத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. பூட்டிவிட்டுப் போன கடையைப் போல என்னையும் விட்டுவிட்டுப் போனாரே என்றுதான் மனம் கசந்தது.

அந்த வார வகுப்பில் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய பகுதி வந்தது. கணவனும் மனைவியும் ஜெபத்துக்காகச் சில காலம் விலகியிருக்கலாம், ஆனால் இருவருக்கும் சம்மதம் இருக்க வேண்டும் என்கிற இடம். சம்மதத்துக்கு அங்கே இருக்கும் சொல் சும்போனோஸ். ‘சும்’ என்றால் சேர்ந்து, ‘போனே’ என்றால் குரல் என்று வகுப்பெடுத்த அம்மா பிரித்துச் சொன்னார். நாம் கையில் வைத்திருக்கும் போனுக்கும் அதுதான் வேராம். ஒருவர் சொல்லி மற்றவர் சும்மா இருப்பது அந்தச் சொல்லுக்குள் வராது என்றார். இரண்டு குரலும் கேட்க வேண்டும்.

சனிக்கிழமை நானும் மலைக்குப் போனேன். ஜெபவீட்டைச் சுற்றிச் சாமை அறுத்த நிலம். புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார். முகம் இளைத்திருந்தது.

“வூட்ல எதுனா பிரச்சனையா?”

“ஒண்ணுமில்லைங்க. பேசணும்னு வந்தேன்.”

வகுப்பில் கேட்டதை அப்படியே சொன்னேன். “கேட்டா நீ அழுவியோன்னு பயந்துட்டேன்” என்றார்.

“அழுதிருப்பேன். அழுதுட்டு அனுப்பியிருப்பேன்.”

அவர் தலையாட்டினார். “சரி, இப்ப கேக்கறேன். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமா?”

அழைத்துக்கொண்டு போகத்தான் நான் வந்திருந்தேன். ஆனால் கேட்டுவிட்டாரே. நெஞ்சைத் தொட்டு யோசித்தேன். குடித்துக் கெட்டுப்போகும் தன் தம்பிக்காகத்தான் அவர் உபவாசமிருக்கிறார். அந்த வேதனை எனக்குத் தெரியும்.

“இன்னும் எட்டு நாள், அடுத்த ஞாயிறு வரைக்கும் இருங்க.”

“அது பத்தாதே.”

“அப்ப அதுக்கு அடுத்த புதன். அதுக்குமேல என்னால ஆகாது. காயில் கேட்டு வர்றவங்களுக்குப் பதில் சொல்லி முடியல.”

“புதன்கிழமை சாயங்கால பஸ்ல வந்துடறேன்” என்றார். அவர் முகம் தெளிந்திருந்தது. எனக்கும் மனசு லேசாகிவிட்டது. சொன்னபடியே வந்து சேர்ந்தார்.

அடுத்த வருடம் ஜெபவீட்டுக்குப் போக எனக்கு ஆசை வந்தது. கேட்டேன். “இந்த மாசம் வேணாம். நடவு டைம், மோட்டாரா வந்து குவியுது. கடையையும் வூட்டையும் தனியா என்னால பாத்துக்க முடியாது” என்றார். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். கேட்டால் இப்படியும் பதில் வரும் என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை. அவரும் தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. பிறகு தை மாதம் வேலை குறைந்ததும், “இப்ப போய்ட்டு வா” என்று அவரே வந்து சொன்னார். ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தேன்.

நான் இல்லாதபோது ஜாக்கெட் கேட்டு வந்தவர்களிடம், “நாங்க பேசி முடிவு பண்ணித்தான் அவங்க போயிருக்காங்க, அடுத்த வாரம் வாங்க” என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அதில் ஒரு அம்மா அதுவரை காத்திருக்க முடியாதென்று துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு தையல்காரியிடம் போய்விட்டார்.