அப்பா பேர் என்ன?

கோட்டுச்சேரிமேட்டில் பெரியநாயகியின் வாய்க்குப் பயப்படாதவர் யாரும் இல்லை. ஏலத்தில் மீன் எடுத்து, கூடை சுமந்து, ஒற்றை ஆளாக மகனைப் படிக்கவைத்துக் கப்பல் வேலைக்கு அனுப்பியவள். அப்பேர்ப்பட்டவளை அறுபது வயதில் சர்க்கரை பிடித்துக்கொண்டது. அதற்கும் அவள் மரியாதை கொடுக்கவில்லை. டாக்டர் வேண்டாமென்ற மாம்பழத்தை, டாக்டரைத் திட்டிக்கொண்டே தின்றாள்.

மகன் அன்பழகன் இந்தத் தடவை கப்பல் ஏறுமுன், அம்மாவைப் பார்த்துக்கொள்ளக் குரும்பகரத்து ராசாத்தியைச் சம்பளத்துக்கு வைத்தான். சென்னை மருத்துவமனையொன்றின் இணையதளத்தில் அம்மாவுக்காக ஒரு கணக்கும் தொடங்கினான். பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு, டாக்டரைப் பார்க்க டோக்கன் எல்லாம் அதில்தான். பாஸ்வேர்டை ராசாத்தியிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

ஊர் சும்மா இருக்குமா? எதிர்வீட்டுச் சந்திரலேகா வந்து ஓதினாள்.

"சம்பளத்துக்கு வந்தவ கையில எல்லாத்தையும் குடுத்துட்டியே அக்கா. அவ தூக்கிட்டுப் போயிட்டா?"

"என்னத்தத் தூக்குவா? என் சுகரத்தானே? தாராளமா எடுத்துக்கிட்டுப் போவட்டும். ஒனக்கும் வேணுமின்னா சொல்லு, கொஞ்சம் தாரேன்."

உள்ளதைச் சொன்னால், ராசாத்திக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒத்துப்போனதே இல்லை. கோழி கொத்துகிற மாதிரி ஒற்றை விரலால் தட்டுவாள். ஆனாலும் விடமாட்டாள். முடிவைப் பார்த்துவிட்டு வந்து பெரியநாயகியைத் திட்டுவாள், பெரியநாயகி திருப்பித் திட்டுவாள், இரண்டு பேருக்கும் பொழுது நன்றாகவே போனது.

அப்போதுதான் மீன்முள் ஒன்று பெரியநாயகியின் கால் கட்டைவிரலில் ஏறியது. விரல் கறுத்தது. உள்ளூர் டாக்டருக்குப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "இந்த வாரத்துக்குள்ள சென்னை டாக்டரப் பாத்துடுங்க. விட்டா விரலோட நிக்காது, காலையே எடுக்க வேண்டியிருக்கும்."

ஆட்டோ பிடித்து, கோட்டுச்சேரியில் சேக் அலாவுதீனின் பிரவுசிங் சென்டருக்கு வந்தார்கள். பதற்றத்தில் ராசாத்தி பாஸ்வேர்டைத் தப்புத்தப்பாகத் தட்டினாள். கணக்கு பூட்டிக்கொண்டது. திறக்க ஒரு கேள்வி கேட்டது: கணக்குத் தொடங்கியவரின் அப்பா பேர் என்ன? இரண்டே வாய்ப்புதான். அன்பழகனைக் கேட்கலாமென்றால் அவன் நடுக்கடலில் இருந்தான்.

"பெரியம்மா, பெரியப்பா பேரு என்ன?"

பெரியநாயகி வாயை இறுக மூடிக்கொண்டாள். புருஷன் பேரைச் சொல்லாத வழக்கம் ராசாத்தி வீட்டிலும் உண்டு. "வெக்கப்படாதீங்க. செத்துப்போனவங்க காதுல கேக்கவா போவுது?"

"இந்தக் காலத்துலயும் புருஷன் மேல இம்புட்டு மரியாதையா!" என்று உருகினார் சேக் அலாவுதீன்.

அவ்வளவுதான்.

"மரியாதையா? அந்தக் கழிசடைக்கா? கைப்புள்ளயோட என்னய விட்டுட்டு, கருக்களாச்சேரியில எவகூடவோ குடித்தனம் வச்சவன்யா அவன்! இனிமே இவன் பேரு என் வாயில வராதுன்னு ஊர்ப் பஞ்சாயத்துல சத்தியம் பண்ணுனேன். செத்தப்ப ஒப்பாரிகூட வைக்கல!"

சேக் அலாவுதீன் எழுந்துபோய் வாசலில் நின்றுகொண்டார்.

ராசாத்தி அந்தக் கறுத்த விரலைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "சத்தியம் பெருசா, காலு பெருசா? சொல்லித் தொலைங்க பெரியம்மா."

முப்பது வருஷம் காத்த சத்தியம். போயும் போயும் அந்த ஆளுக்காக அதை உடைக்க வேண்டியிருக்கிறதே என்று பெரியநாயகிக்கு வயிறு எரிந்தது.

"தர்மராஜ்," என்று துப்பினாள். "பேரப் பாரு, தர்மராஜாம்!"

ராசாத்தி தட்டினாள். தவறு என்று வந்தது.

"செத்தும் கழுத்தறுக்குறானே பாவி!" பெரியநாயகி காலைத் தடவிக்கொண்டாள். இன்னும் ஒரே வாய்ப்பு.

ராசாத்தி நகத்தைக் கடித்தாள். "அண்ணன் அவர அப்பான்னு கூப்புட்டதுண்டா?"

"எங்கேருந்து கூப்புட? அவன் மூஞ்சியே புள்ளக்கித் தெரியாது. அப்பன் ஆத்தா எல்லாம் நான் ஒருத்திதான்."

ராசாத்தி திரும்பி, ஒவ்வோர் எழுத்தாகக் கொத்தினாள். கணக்கு திறந்துகொண்டது.

"என்னடி போட்ட?"

"உங்க பேரத்தான் பெரியம்மா."

பெரியநாயகி முந்தானையால் கண்ணையும் மூக்கையும் சேர்த்துத் துடைத்தாள்.

"படுபாவிப் பய, எனக்கென்ன மீசையா மொளச்சிருக்கு?" என்றாள். பிறகு ராசாத்தியின் முதுகில் ஒன்று வைத்தாள். "என் மூஞ்சியப் பாத்தது போதும், டோக்கனப் போடுடி. அன்பழகனோட அப்பனுக்குக் காலு வேணும்."