பிடரியில் வியர்வை

பன்றிக் காய்ச்சலுக்காக ஒரு வாரம் மூடிக் கிடந்த நெல்லித்தோப்புப் பள்ளி திறந்த அன்று செல்வாம்பாளுக்குப் புது வேலை கொடுத்தார்கள். வாசலில் நின்று, காய்ச்சல் உள்ள பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப வேண்டும். தெர்மாமீட்டர் வரும் என்றார்கள். வந்தது ஒரு நோட்டுதான். "இன்று யாருக்கும் காய்ச்சல் இல்லை" என்று எழுதி, தினமும் அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

பதினோரு வருஷமாக அவள் அங்கே தினக்கூலி ஆயா. நிரந்தரம் செய்வோர் பட்டியல் அந்த மாதம்தான் தயாராகிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியர் கலியபெருமாள் எழுதித் தந்தால்தான் பெயர் ஏறும்.

பள்ளிக்கு வருமுன் அவள் நர்சிங் ஹோமில் நோயாளிகளைத் துடைத்துவிட்டவள். காய்ச்சல் மாத்திரை போட்ட பிள்ளைக்கு நெற்றி சில்லென்று இருக்கும், பிடரி நனைந்திருக்கும் என்பது தெரியும். அதனால் பின்னலைத் தூக்கிப் பிடரியைத்தான் தொட்டுப் பார்த்தாள்.

மூன்றாம் நாள், இரண்டாம் வகுப்பு இனியாவின் பிடரி சொதசொதவென்று இருந்தது.

"காலையில என்னா குடுத்த மாலா?" என்று இனியாவின் அம்மாவைக் கேட்டாள்.

"காபி."

"காபிக்கு முன்னாடி?"

"நெத்தியத் தொட்டுப் பாரு ஆயாம்மா, சில்லுனு இருக்குது. நீ என்னா டாக்டருக்கா படிச்ச? நான் தேங்காய்த்திட்டு ஹார்பருக்குப் போவலன்னா என் எடத்துல வேற ஒருத்தி மீன் கழுவ குந்திடுவா. புள்ளைய யாரு பாத்துப்பா, நீயா?"

"நான்தான் பாக்கப்போறேன். மாத்திர வேகம் கொறைஞ்சா என் மடியிலதான வாந்தி எடுக்கும்."

சத்தம் கேட்டுக் கலியபெருமாள் வந்தார். "உள்ள வுடும்மா. இன்னிக்கு மேலேர்ந்து ஆளு வராங்க. வகுப்பு காலியா இருந்தா எனக்குத்தான் கேள்வி."

"நோட்டுல என்னா எழுதட்டும் சார்?"

"வழக்கம்போல எழுது."

பட்டியல் அவள் கண்முன் வந்து நின்றது. எழுதினாள். கையெழுத்தும் போட்டாள்.

பதினோரு மணிக்கு இனியா அவள் மடியில் வாந்தி எடுத்தாள். அடுத்த வாரத்துக்குள் அந்த வகுப்பில் ஆறு பேர் ஆஸ்பத்திரியில். பள்ளியை மறுபடி மூடினார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரி நோட்டைப் புரட்டினார்.

"கையெழுத்து உன்னுதுதானே?"

"என்னுதுதான் சார்."

கலியபெருமாள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டியலில் பெயர் ஏறவில்லை. இருந்த வேலையும் போயிற்று. பள்ளி மீண்டும் திறந்தபோது தெர்மாமீட்டர் வந்திருந்தது. அதைப் பிடித்து நிற்க வேறு ஆளும் வந்திருந்தாள்.

அன்று காலை ரேஷன் கடைப் பக்கம் மாலா எதிரே வந்தாள், தேறிய இனியாவைப் பள்ளிக்கு அழைத்துக்கொண்டு.

"அன்னிக்கு நீ கண்டிப்பா வூட்டுக்கு அனுப்பியிருக்கலாம் ஆயாம்மா. இவ்ளோ தூரம் போயிருக்காது."

செல்வாம்பாள் இனியாவின் பின்னலைத் தூக்கிப் பிடரியைத் தொட்டாள்.

"காஞ்சிருக்குது. இட்டுனு போ."