ரிஜெக்ட் போட்ட பைலட்

என் மனைவி கோமளாவுக்கு எதிலாவது குறை கண்டுபிடிக்காவிட்டால் சோறு இறங்காது. மங்கலத்தில் எங்கள் தெருவுக்கே தெரிந்த சங்கதி இது. திருப்பூர் பனியன் கம்பெனியில் பதினாறு வருஷம் செக்கிங் மேசையில் நின்றவள். டி-ஷர்ட்டை விரித்துப் பார்த்து, ஓட்டையோ கறையோ இருந்தால் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கிப் போடுவாள். நான் போட்டிருந்த சட்டையிலேயே இரண்டு முறை ஒட்டியிருக்கிறாள், மகராசி!

போன வருஷம் அந்தக் கம்பெனிக் கட்டடத்தை மேலிருந்து படமெடுக்க முருகேஷ் என்ற போட்டோக்காரர் டிரோனோடு வந்தார். அவர் கையிலிருந்த திரையை எட்டிப் பார்த்தவள், அன்றைக்குச் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை. சாயங்காலம் வந்ததும் வராததுமாக என்னிடம், "ஏனுங்க, மேல இருந்து பாத்தா நம்மூரு இத்தன அழகுங்களா?" என்றாள்.

முருகேஷும் அவளைத் தூண்டிவிட்டார். "டிரோன் ஓட்ட லைசென்ஸ் எடுத்துட்டு வாங்கக்கா. மலை, கரண்டுக் காத்தாடி, தோட்டம்னு படமெடுக்க எனக்கு ஆளு வேணும். இந்த மாசத்துக்குள்ள வாங்க, இல்லீன்னா வேற ஆளைச் சேத்திக்குவேன்."

பத்தாவது பாஸ் போதும் என்றார்கள். கம்பெனியில் லீவு தரவில்லை. வேலையையே விட்டுவிட்டுப் பயிற்சியில் சேர்ந்தாள். நான் தொண்டை கிழியக் கத்தினேன். கேட்டால்தானே! தேறாவிட்டால் இந்த வேலையும் இல்லை, அந்த வேலையும் இல்லை.

மூலனூர்ப் பக்கம் ஒரு மைதானத்தில் தேர்வு. எழுத்துத் தேர்வை முடித்துவிட்டாள். பறக்கவிட்டுக் காட்டுவதுதான் மிச்சம். நான் கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். இவளுக்கு முன்னால் ஏழு பேர் ஒரே டிரோனை ஏற்றி இறக்கினார்கள். பறக்கும் முன் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. அவர்கள் குனிந்து பார்த்ததோடு சரி. இவளோ ஒவ்வொரு றெக்கையாக விரலால் தடவினாள். மூன்றாவதில் விரல் நின்றது. பர்ஸைத் திறந்து ஸ்டிக்கரை எடுத்து ஒட்டியே விட்டாள்!

"ரிஜெக்டுங்க சார்."

தேர்வாளர் முகம் சுளித்தார். "ஏழு பேரு இதுலதானேம்மா பறந்தாங்க? நேரம் போச்சுன்னா மார்க் இல்ல."

"ஏழு பேத்துக்கும் சேத்து இப்பத்தானுங்க சார் செக்கிங் நடக்குது."

அடி கிறுக்கி, கெடுத்தாளே காரியத்தை!

தேர்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. பிறகு நகத்தால் ஓரத்தை மெல்லக் கீறினார். நகம் சிக்கியது. மயிரிழை விரிசல். வேறு றெக்கை மாட்டச் சொன்னார்.

கோமளா ஏற்றினாள். வானத்திலேயே எட்டுப் போட்டாள். கீழே வரையப்பட்ட வட்டத்தின் நடுவில் இறக்க வேண்டியதை, காற்றடித்து ஓரத்தில் இறக்கினாள். போச்சு மார்க் என்றே நினைத்தேன்.

எல்லோரும் முடித்தபின் தேறியவர்கள் பெயரைப் படித்தார்கள். ஆறு பேர் போய்த் தேர்ச்சிச் சீட்டு வாங்கினார்கள். அடுத்து, "பைலட் கோமளா!"

யாரும் போகவில்லை. இவளோ, யாரந்தப் பைலட் என்று பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்! நான் வேலியைத் தாண்டிக் குதித்தேன். வேட்டி கிழிந்தது. கிழிந்தால் கிழியட்டும்.

"உங்களத்தானுங்க! போங்க!"

கல்யாணமான நாளிலிருந்து 'ஏ புள்ள' என்றே கூப்பிட்டவன் நான். அந்த 'ங்க' எப்படி வாயில் வந்ததோ, சத்தியமாகத் தெரியாது. கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது.

கோமளா சீட்டு வாங்கப் போகவில்லை. நேரே என்னிடம் வந்து நின்றாள்.

"இன்னொருக்காச் சொல்லுங்க," என்றாள்.