குச்சிக்குப் போட்ட மாலை

வடக்குப்பட்டு ஏரிக்கு அப்பால், வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவில் நின்ற இரும்புக் கம்பத்தை ஊரார் பிளேன் கம்பம் என்றார்கள். மேகத்துக்குள் மாட்டிக்கொண்டு தரை தெரியாமல் வரும் விமானங்களுக்கு, ‘நான் இங்கே இருக்கிறேன், இந்தப் பக்கம் வா’ என்று ரேடியோவில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது அதன் வேலை. அது சொல்கிறதா என்று பார்த்துக்கொள்வது பரசுராமனின் வேலை. கம்பம் நட்ட இடம் அவருடைய அப்பாவின் கொல்லை. நிலம் கொடுத்த வீட்டில் ஒருவருக்கு வேலை என்று சொல்லித்தான் எடுத்தார்கள். வேலையும் கொடுத்தார்கள், தினக்கூலியாக. நிரந்தரம் ஆக்கிவிடுகிறோம் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் சொன்னார்கள். சொல்வதில் அவர்கள் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

கம்பத்தடியில் ஒரு சின்ன அறை, அறைக்குள் ஒரு பெட்டி, பெட்டியில், கம்பம் பேசும்வரை எரியும் ஒரு பச்சை விளக்கு. மணிக்கொரு தடவை பட்டணத்து ஏர்போர்ட் ஆபீசுக்குப் போன் போட்டு “நார்மல் சார்” என்று சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் விளக்கு அணைந்திருந்தது. அதை அப்படியே சொன்னார். மறுநாள் ஜீப்பில் மூன்று பேர் வந்து, ஏன் அணைந்தது, நீ என்ன செய்தாய், உள்ளே யாரை விட்டாய் என்று சாயங்காலம்வரை குடைந்தார்கள். பியூஸ் கட்டையில் பல்லி விழுந்து செத்துக் கிடந்தது. பல்லிக்கு மெமோ கொடுக்க முடியாததால் பரசுராமனுக்குக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு விளக்கு அணைந்தால் அவரே சுவிட்சை அணைத்துப் போடுவார். எரிந்துவிடும். ஆபீசுக்கு நார்மல். எரியச் சற்று நேரமானாலும் நார்மல்தான். அதை அவர் ஏமாற்றாக நினைக்கவில்லை. அந்த ஆபீசில் கோளாறு என்று சொல்லி நன்றாக இருந்தவர் யாரும் கிடையாது. அதிகாரி முதல் பெருக்குகிற ஆள்வரை எல்லாரும் நார்மலாகவே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் சித்திரையில் அமலா வந்தாள். ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருந்த என்ஜினியர். ஜீப்பிலிருந்து ஒரு கம்ப்யூட்டரைக் கைக்குழந்தை மாதிரி இறக்கி, அறைக்குள் வைத்தாள். வெளியே கம்பத்துக்கு எதிரே ஆள் உயரத்தில் ஒரு குச்சி ஆன்டெனாவையும் நட்டாள்.

“கம்பம் பேசறத இந்தக் குச்சி கேட்டுக்கிட்டே இருக்கும். சரியா கேக்கலைன்னா கம்ப்யூட்டர் கம்பத்தை நிறுத்திடும். உடனே எங்க ஆபீஸ் ஸ்கிரீன்லயும் சொல்லிடும். அப்பப்ப மறுபடி பேச விட்டுப் பாக்கும், சரியா கேட்டா தானா ஓட்டிடும்” என்றாள்.

“நிறுத்திடுமா? எதுக்கும்மா நிறுத்தணும்?”

“தப்பா வழி சொல்றதைவிட சொல்லாம இருக்கறது மேல் இல்லையா?”

பரசுராமன் யோசித்தார். ஒரகடம் கூட்ரோட்டில் யாரிடம் வழி கேட்டாலும் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள், ஏதாவது ஒரு பக்கம் கையை நீட்டிவிடுவார்கள். இந்த மிஷின் வேறு ஊர்க்காரன் என்று புரிந்தது.

மிச்சத்தை அமலா குனிந்து ஒயரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தை வரைக்கும் இது பரிட்சை. தேறிவிட்டால் இந்த அறைக்கு ஆள் வேண்டாம்.

வீட்டில் செங்கமலம் கேட்டுவிட்டு, “ஒரு சொம்புத் தண்ணி, அத்த அது தலையில ஊத்தி வுடு” என்றாள். சோறு போடுகிற வேலை போய்விடும் என்று புருஷனைவிட அவள்தான் அதிகம் பயந்தாள். பரசுராமன் ஊற்றவில்லை. தினமும் மிஷினைத் துடைத்து வைத்தார். வயிற்றெரிச்சல் இருந்தது. ஆனாலும் அரசாங்கத்துப் பொருளாயிற்றே.

ஐப்பசி பிறப்பதற்குள் ஆயுத பூஜை வந்தது. அப்போது அந்தப் பக்கத்தில் கம்பெனிகள் முளைத்திருக்கவில்லை. மாலை போட்டுக்கொள்ளும் தகுதியுள்ள மிஷின்கள் என்றால் பம்பு செட்டுகள், இரண்டு டிராக்டர், டவுன் பஸ், அப்புறம் பரசுராமனின் கம்பம். வருஷா வருஷம் கம்பத்தடியில் வாழைக்கன்று கட்டி, தேங்காய் உடைத்து, பொரி கடலை கொடுப்பார். இந்த வருஷம் புதுசாக இரண்டு பேர் வந்திருக்கிறார்களே, விட்டுவிடலாமா? கம்ப்யூட்டர் நெற்றியில் சந்தனம், குங்குமம் வைத்தார். குச்சிக்கு வல்லக்கோட்டைக் கோயில் வாசலில் வாங்கிய சாமந்தி மாலை. ஜிகினா சுற்றியது, கனமானது. குச்சியிலிருந்து அதைத் தாங்கும் இரும்புச் சட்டம்வரை தொங்கியது. கற்பூரம் காட்டி, வேலையை நீ எடுத்துக்கொண்டாலும் என் குடும்பத்தைக் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டார். அதில் இருந்த முரண்பாடு அவருக்குத் தெரியவில்லை. மனசு நிறைந்துதான் வேண்டினார்.

மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டியது. மாலை நனைந்தது. நனைந்த ஜிகினா வழியாகக் குச்சியின் சிக்னல் சட்டத்தில் இறங்கிவிட, குச்சிக்குக் கம்பம் பேசுவது கேட்கவில்லை. கேட்கவில்லை என்று கம்ப்யூட்டர் கம்பத்தை நிறுத்தியது, ஆபீசுக்கும் சொன்னது. ஆபீசில் அன்று டியூட்டியில் இருந்தது அமலா. சர்ச்சுக்குப் போகிறவளுக்கு ஆயுத பூஜை கிடையாது என்று அவளை அமர்த்தியிருந்தார்கள். ஆனால் பரிட்சையில் இருக்கும் ஸ்கிரீன்தானே, ஒருநாள் அதுவும் ஓய்வெடுக்கட்டும் என்று காலையிலேயே அதை அணைத்து, குங்குமம் வைத்து, புதுத் துண்டு போர்த்திவிட்டிருந்தார்கள்.

பரசுராமன் மழைக்கு ஒதுங்கியவர்களுக்குப் பொரி அள்ளிக் கொடுத்துக்கொண்டே, முதுகுக்குப் பின்னால் இருந்த விளக்கைப் பார்க்காமல், “நார்மல் சார்” என்று போனில் சொன்னார். மேகத்துக்குள் இருந்த ஒரு விமானி, கம்பம் பேசவில்லையே என்று ரேடியோவில் ஆபீசைக் கேட்டார். நார்மல் என்று பதில் போனது. தன் காதைச் சந்தேகப்பட்டபடி அவர் மேலே ஏறி, ஒரு சுற்று சுற்றி, வேறு கருவியின் துணையில் இறங்கினார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. இறங்கிய கையோடு புகார் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலைதான் பரசுராமன் விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்தார்; சுவிட்சை அணைத்துப் போட்டும் எரியவில்லை. பூஜை முடிந்த மாலையைக் கழற்றினார். பச்சை விளக்கு தானாக எரிந்தது. நனைந்த மாலையை மறுபடி போட்டார், அணைந்தது. கழற்றினார், எரிந்தது. அதற்கு மேல் சோதிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. ஏன்தான் தெரிந்துகொண்டோமோ என்று இருந்தது.

விசாரணைக்கு அதிகாரி கண்ணப்பன் வந்தார், கூடவே அமலா. வரும்போதே கண்ணப்பன் முடிவைக் கொண்டுவந்திருந்தார்.

“மிஷின் கோளாறு. நல்லா இருந்த கம்பத்தை அதுவா நிறுத்திடுச்சி. அப்படித்தானேய்யா?”

கிளம்பும்போது செங்கமலம், “இன்னா கேட்டாலும் வாய மூடிக்கினு தலைய மட்டும் ஆட்டு” என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

“ஆமான்னு சொல்லு. மிஷினைப் பெட்டியில போட்டு அனுப்பிடறேன். உன் வேலை உனக்கு. எங்க ஆபீஸ்லயும் யாருக்கும் தொல்லை இல்ல” என்றார் கண்ணப்பன். அமலா குனிந்து ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அணைக்கப்பட்ட ஸ்கிரீன் அவள் பொறுப்பில் இருந்தது.

தலையை ஆட்ட வேண்டியதுதான் பாக்கி. பரசுராமன் மிஷினைப் பார்த்தார். காய்ந்த சந்தனம் உதிர்ந்துகொண்டிருந்தது.

“அது பொய் சொல்லல சார். நான்தான் அது காதுல மாலைய போட்டேன். கேக்கல, கேக்கலன்னு சொல்லிக்கீது.”

“யோவ், யோசிச்சுப் பேசு. இதை எழுதினா மிஷின் பாஸ். நீ வூட்டுக்குப் போக வேண்டியதுதான்.”

“தெரியும் சார். கற்பூரம் காட்டிக் கும்பிட்டுக்கீறேன். அது மேல எப்பிடி சார் பழி போடறது? நார்மல்னு பொய் சொன்னது நானு. அன்னிக்கு மட்டும் இல்ல, எத்தினியோ தபா சொல்லிக்கீறேன். அந்தப் பிளேன்ல இருந்தவங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா?”

கண்ணப்பனுக்குக் கோபம் வந்தது. இவ்வளவு வசதியான முடிவை ஒருவன் வேண்டாம் என்பதை அவர் சர்வீசில் பார்த்ததில்லை.

அப்போதுதான் அமலா வாயைத் திறந்தாள். “ஸ்கிரீனை ஆஃப் பண்ண சரின்னு சொன்னது நான்தான் சார். நானும் எழுதித் தரேன்.”

தை வரைக்கும் காத்திருக்காமலே மிஷின் தேறியது. இன்னும் நான்கு கம்பங்களுக்கு அதேபோல் வாங்கினார்கள். ஆன்டெனாக்களில் எதையும் தொங்கவிடக் கூடாது, ஸ்கிரீனை எந்தப் பண்டிகைக்கும் அணைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. கோளாறைச் சொல்கிறவருக்கு மெமோ கொடுக்கக் கூடாது என்று அமலா எழுதிக் கேட்டாள். அது பரிசீலனையில் இருப்பதாகப் பதில் சொன்னார்கள். அமலாவுக்கு ஒரு மெமோ கிடைத்தது. பரசுராமன் கார்த்திகைக் கடைசியில் அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு, அடுத்தவர் கொல்லையில் கடலை பிடுங்கக் கூலிக்குப் போனார். செங்கமலம் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

மார்கழியில் ஒருநாள் மத்தியானம், காலம் தப்பின மழை. அவள் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் சத்தம் கேட்டது. மேகம் மூடியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. அவர் சாப்பிடாமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரியாப் போய்க்கினு கீதா?” என்று கேட்டாள் செங்கமலம்.

“எனக்கு எப்பிடித் தெரியும்? மிஷினுக்குத்தான் தெரியும்” என்றார்.

சத்தம் கிழக்கே போய்த் தேய்ந்து, முழுக்க அடங்கிய பிறகுதான் சோற்றில் கை வைத்தார். அதுவரை அவளும் குழம்பு ஊற்றாமல் நின்றிருந்தாள்.